எடுத்த எலும்பே திரும்ப வருகிறது



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருக்கலாம். புற்று பிடித்த எலும்பை அறுத்து வெளியே எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் கட்டியைச் சுரண்டி, கதிர் பாய்ச்சியோ உறைய வைத்தோ சுடுநீரில் போட்டோ அதிலுள்ள உயிரணுக்களைக் கொன்று, அதே நோயாளிக்கு அதே இடத்தில் திரும்பப் பொருத்தும் முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அறுவைக்கு முந்தைய நாள் இதைச் சொன்னால் அநேகமாக எல்லாப் பெற்றோரும் கேட்பது ஒன்றுதான்: "அதே எலும்பையா சார் திரும்ப வைக்கப் போறீங்க?" நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் சொல்ல எனக்கு இந்த ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது.

முதலில் நோய். எலும்பில் தொடங்கும் புற்று அரிதானது. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கி எலும்புக்குப் பரவுவதுதான் அதிகம். அது வேறு கதை. எலும்பிலேயே பிறக்கும் புற்றுகளில் முதன்மையானது ஆஸ்டியோசர்கோமா. பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில், எலும்பு வேகமாக நீளும் பருவத்தில், எலும்பு அதிகம் வளரும் இடத்திலேயே அது வருகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, அதற்கு அடுத்தபடியாகத் தோளை ஒட்டிய மேற்கை எலும்பு. அதாவது பெரும்பாலும் முழங்காலைச் சுற்றித்தான். யூவிங் சர்கோமா என்று இன்னொன்று உண்டு. அது எலும்பின் நடுத்தண்டிலும் இடுப்பெலும்பிலும் வரும். இன்னும் சின்னப் பிள்ளைகளையும் விடாது.

விளையாடும் வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்றால் யார்தான் புற்றை நினைப்பார்கள்? "வளர்ற வலி" என்பார்கள். "எங்கேயோ இடிச்சிட்டு வந்திருக்கான்" என்பார்கள். எண்ணெய் போட்டு நீவுவார்கள், கட்டுப் போடுவார்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓய்வெடுத்தாலும் போகாத வலி, நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம் ஆகியவை இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அந்த வீக்கத்தை நீவவே கூடாது. நான் இன்று சொல்லப்போகும் அறுவை எல்லாம் சீக்கிரம் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குத்தான் வாய்க்கிறது.

1970 வரை இந்த நோய்க்கு ஒரே வைத்தியம் காலை எடுப்பது. எடுத்த பிறகும் பத்தில் எட்டுப் பேர் பிழைக்கவில்லை. கட்டியைக் கண்டுபிடிக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நோய் நுரையீரலுக்குப் போயிருக்கும். சில மாதம் கழித்து அங்கே தலைகாட்டும். காலை இழந்தும் உயிர் தங்காத நிலையில், காலைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேச யாருக்கும் துணிவு இல்லை.

கீமோ என்னும் மருந்துச் சிகிச்சை வந்து அதை மாற்றியது. 1970களின் தொடக்கத்தில் நார்மன் ஜாஃபி போன்ற மருத்துவர்கள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை ஆளைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து லூக்கோவோரின் என்ற மாற்றுமருந்தால் உடம்பை மீட்கும் துணிகரமான முறையைப் பிள்ளைகளிடம் கையாண்டார்கள். அதே காலத்தில் டாக்சோரூபிசினும் பலன் தருவது தெரிந்தது. கனடாவின் டெரி ஃபாக்ஸை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1977இல், பதினெட்டு வயதில், ஆஸ்டியோசர்கோமாவுக்காக வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். இரண்டே ஆண்டுக்கு முன்னால் அது 15 சதவீதமாக இருந்தது என்பதையும் சொன்னார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த ஆராய்ச்சிக்காகத்தான் அவர் 1980இல் பொய்க்காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடிப் பணம் திரட்டினார். நோய் நுரையீரலில் திரும்பியது. 1981இல் இறந்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் காலை எடுக்காமல் எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக எலும்பு பொருத்தலாம் என்று முயன்றார்கள். அந்த உலோக எலும்பை ஒவ்வொரு நோயாளியின் அளவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருக்க முடியுமா? அங்கிருந்த மருத்துவர் ஜெரால்ட் ரோசன் அந்த இடைவெளியில் கீமோ கொடுக்கத் தொடங்கினார். பிறகு எடுத்த எலும்பைப் பரிசோதித்தபோது கட்டி எந்த அளவுக்குச் செத்திருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடிந்தது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் நோயாளியின் எதிர்காலம் நன்றாக இருந்தது. இன்று உலகமெங்கும் அறுவைக்கு முன் கீமோ கொடுப்பது வழக்கம். ஒரு பட்டறைத் தாமதத்தின் பிள்ளை அது. நம் துறையில் இப்படிப்பட்ட பிறப்புகள் நிறைய.

காலைக் காப்பாற்றினால் உயிருக்கு ஆபத்து கூடுமா என்ற அச்சம் அதற்குப் பிறகும் இருந்தது. 1986இல் சைமன், மேன்கின் முதலிய மருத்துவர்கள், தொடை எலும்பின் கீழ்முனையில் ஆஸ்டியோசர்கோமா வந்த 227 பேரைத் தொகுத்துப் பார்த்தார்கள். காலை எடுத்தவர்களும் எலும்பை மட்டும் எடுத்தவர்களும் உயிர்வாழ்ந்ததில் வேறுபாடு தெரியவில்லை. அன்றிலிருந்து கேள்வி மாறியது. காலைக் காப்பாற்றலாமா என்பது போய், எடுத்த எலும்பின் இடத்தில் எதை வைப்பது என்பது வந்தது.

பதினைந்து, இருபது சென்டிமீட்டர் எலும்பு போன பிறகு அங்கே ஒரு வெற்றிடம். அதை நிரப்ப மூன்று வழிகள். ஒன்று உலோகம், மெகா ப்ராஸ்தெசிஸ் என்கிறோம். இன்னொன்று இறந்தவர் தானம் தந்த எலும்பு. மூன்றாவது, நோயாளியின் சொந்த எலும்பு.

உலோகத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறக்குமதி ப்ராஸ்தெசிஸ் பல லட்சம் விற்ற காலத்தில், 1980களின் பிற்பகுதியிலிருந்து இங்கேயே அளவெடுத்து இங்கேயே செய்து பொருத்தியவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். மும்பை டாட்டா மெமோரியலும் பிறகு தனக்கென உள்நாட்டு ப்ராஸ்தெசிஸை உருவாக்கியது. உலோகத்தின் பெரிய வரம், பிள்ளை சில நாளில் எழுந்து நடக்கலாம். எலும்பு சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உலோகம் வளராது, தேயும், தண்டு தளரும். பன்னிரண்டு வயதில் பொருத்தினால் அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதாவதற்குள் மறு அறுவை பெரும்பாலும் உறுதி. ஒவ்வொரு மறு அறுவையிலும் மிச்சமிருக்கும் நல்ல எலும்பு கொஞ்சம் குறையும். நோய்த்தொற்று வந்தால் சிலருக்குக் காலே போகும்.

தான எலும்பு மேற்கு நாடுகளில் நிறையப் பயன்படுகிறது. அதற்கு எலும்பு வங்கி வேண்டும், பல அளவுகளில் எலும்பு வேண்டும், இறந்தவரின் எலும்பைக் கொடுக்க உறவினர் மனம் வைக்க வேண்டும். ஜப்பானிலும் கொரியாவிலும் தைவானிலும் நம் நாட்டிலும் இந்த மூன்றும் ஒன்றாக வாய்ப்பது கடினம். கண்தானம் செய்யும் குடும்பம்கூட எலும்பு என்றால் தயங்குகிறது. எரிக்கும்போது உடம்பு முழுதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தத் தட்டுப்பாட்டிலிருந்துதான் ஆசியாவில் மூன்றாவது வழி செழித்தது. மேற்கத்திய மருத்துவர் சிலர் இதை ஏழைகளின் மாற்றுவழி என்று நினைப்பதுண்டு. அது தவறான மதிப்பீடு என்பதே என் கருத்து.

ஏனென்றால் நோயாளியின் எலும்புக்கு இணையாக அந்த இடத்தில் பொருந்தும் பொருள் உலகத்தில் கிடையாது. நீளம், வளைவு, தடிமன் எல்லாம் அச்சு அசல். வேறொருவரின் நோய் வராது. உடம்பு அந்நியம் என்று தள்ளாது. முழங்கால் சில்லின் தசைநாணோ தோளின் தசைநாண்களோ போய் ஒட்ட வேண்டிய இடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன. உலோகத்தில் தசைநாணை ஒட்டவைக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். விலையும் இல்லை.

சரி, உள்ளே இருக்கும் நோயை என்ன செய்வது? அங்கேதான் முறைகள் பிரிகின்றன.

கதிர் முறையை 1968இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்பைராவும் லூபினும் முதலில் எழுதினார்கள். இப்போது அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி முடியும் இடத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி எலும்பை அறுக்கிறோம். கட்டியைச் சுற்றி நல்ல தசை ஒரு உறையாகக் கூடவே வரவேண்டும். கத்தி கட்டியைத் தொடக்கூடாது. எடுத்ததை வேறொரு மேசைக்குக் கொண்டுபோய், வேறு கருவிகளால், வேறு கையுறைகளோடு, வெளியே ஒட்டியிருக்கும் தசையையும் கட்டியையும் நீக்குகிறோம். தசைநாண்களின் அடியை மட்டும் விட்டுவைக்கிறோம். உள்ளே மஜ்ஜைக் குழியைச் சுரண்டுகிறோம். நீக்கிய எல்லாம் பரிசோதனைக்குப் போகிறது. எலும்பை உப்புநீரிலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலும் நனைத்த துணியில் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகத் தூய்மையான பைகளில் இட்டுக் கட்டுகிறோம். அந்தப் பொட்டலம் தியேட்டரிலிருந்து லிஃப்டில் இறங்கி, நடைபாதை வழியாகக் கதிர்ச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறது. அதைத் தூக்கிப்போவது பெரும்பாலும் இளைய மருத்துவர். எதிரே வருகிறவர்களுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே இரண்டு எதிர்ப்புறங்களிலிருந்தும் கதிர் பாய்ச்சுகிறார்கள். பல மையங்களில் அளவு 50 கிரே, ஒரே தடவையில்.

50 கிரே என்றால் என்ன என்று மருத்துவர் அல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. உடம்பு முழுவதும் நாலைந்து கிரே பட்டால், சிகிச்சை இல்லாவிட்டால், பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். வழக்கமான கதிர்ச் சிகிச்சையில் நாளுக்கு இரண்டு கிரே வீதம் வாரக்கணக்கில் கொடுப்போம், ஏனென்றால் கட்டியைச் சுற்றியுள்ள தோலும் நரம்பும் தாங்க வேண்டும். இங்கே எலும்பு வெளியே தனியாக இருக்கிறது. யாரும் எதையும் தாங்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே தடவையில் 50 கொடுக்கலாம். அதற்கு மேலும் கொடுத்த மையங்கள் உண்டு. பொட்டலம் அரை மணி, முக்கால் மணியில் திரும்பி வரும். அதற்குள் நாங்கள் காயத்தைக் கழுவி, இரத்தக் கசிவைக் கட்டி வைத்திருப்போம். மும்பை டாட்டா மெமோரியலிலும் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலும் இந்த முறையில் நிறைய அனுபவம் சேர்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை, தியேட்டரும் கதிர் இயந்திரமும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்தவர் ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்தின் ஹிரோயுகி சுச்சியா. எலும்புக்குள் திரவ நைட்ரஜனை ஊற்றிக் கட்டியைக் கொல்லும் எண்ணம் 1960களிலேயே நியூயார்க்கில் ரால்ஃப் மார்கோவுக்கு வந்தது. உடம்புக்குள்ளே ஊற்றியதால் தோலும் நரம்பும் வெந்தன, எலும்பும் முறிந்தது. சுச்சியா எலும்பை வெளியே எடுத்து நைட்ரஜனில் மூழ்கடித்தார். 1999இல் நோயாளிகளிடம் தொடங்கி 2005இல் முடிவுகளை வெளியிட்டார். மைனஸ் 196 டிகிரியில் 20 நிமிடம், பிறகு அறை வெப்பத்தில் 15 நிமிடம், பிறகு காய்ச்சி வடித்த நீரில். உறையும்போது உயிரணுவுக்குள் பனிப்படிகங்கள் கிழிக்கின்றன. உருகும்போது நீர் புகுந்து மிச்சத்தை வெடிக்கவைக்கிறது. வேண்டியது ஒரு எஃகுப் பாத்திரமும் ஒரு கேன் நைட்ரஜனும்தான். அந்தக் கேன் கிராமத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கால்நடை மருத்துவமனையில் பசுவுக்குச் சினை ஊசி போட உறைவிந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருப்பார்கள். கொஞ்சம் அலட்சியமாகத் திறந்தால் புகை மாதிரி ஒன்று கிளம்புமே, அதேதான்.

சுச்சியா குழுவின் பிற்காலத்து மாற்றம் எனக்கு இன்னும் அழகாகப் படுகிறது. எலும்பை இரண்டு இடத்தில் அறுப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் அறுத்து, மறுமுனை உடம்போடு இணைந்திருக்கும்படியே சுற்றியுள்ள தசையை விலக்கி, எலும்பை வெளியே திருப்பி நைட்ரஜனில் தோய்ப்பது. பிறகு ஒரு இடம் மட்டும் சேர்ந்தால் போதும். ஜப்பானியரே முன்னெடுத்த இன்னொரு முறை, 60 முதல் 65 டிகிரி உப்புநீரில் எலும்பை அரை மணி வைப்பது. பாலைப் பதப்படுத்தும் கொள்கைதான். ஆட்டோகிளேவில் வைத்து அவிப்பதும் ஒரு காலத்தில் நடந்தது. அந்த வெப்பத்தில் எலும்பின் வலுவும் போகும், புது எலும்பைத் தூண்டும் புரதங்களும் கெடும். எனவே நல்ல வசதியுள்ள இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். திரும்ப வைத்த எலும்பிலிருந்து புற்று மீண்டும் வருவது மிக அரிது. அதே இடத்தில் நோய் திரும்பும் சிலருக்கு, அது பெரும்பாலும் சுற்றியுள்ள தசையிலிருந்துதான் வருகிறது. அது அறுவையில் எல்லை சரியாக அமையாததன் விளைவு. எலும்பின் குற்றம் அதில் இல்லை. இதைச் சொன்ன பிறகுதான் பெற்றோர் அடுத்த கேள்விக்குப் போவார்கள். அதுதான் உண்மையில் கடினமான கேள்வி: "எப்போ நடப்பான்?"

திரும்ப வைத்த எலும்பு செத்த எலும்பு. பாறைபோல் உறுதியாக நிற்கும், ஆனால் அதில் ஒரு உயிரணுகூட இல்லை. குடியிருப்போர் காலிசெய்த வீடு அது. சுவர் மட்டும் நிற்கிறது, பக்கத்து எலும்பிலிருந்து புதுக் குடிகள் ஒவ்வொருவராக நகர்ந்து வர வேண்டும். பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து, அங்கே புது எலும்பைக் கொஞ்சம் போட்டு, அப்படியே உள்ளே போக வேண்டும். மூட்டை ஒட்டிய பஞ்சு எலும்பின் பக்கம் ஆறேழு மாதத்தில் சேரும். நடுத்தண்டின் கெட்டி எலும்புப் பக்கம் ஓராண்டுகூட ஆகலாம். நடுவே கீமோ வேறு போய்க்கொண்டிருக்கும், அது எலும்பு சேர்வதை இன்னும் மெதுவாக்கும். அந்தக் காலம் முழுவதும் நீண்ட பிளேட்டும் ஸ்க்ரூக்களும் பாரத்தைச் சுமக்கின்றன. அதுவரை ஊன்றுகோல்தான், கால் முழுப் பாரம் தாங்கக் கூடாது. எலும்பு சேராமல் போகலாம், முறியலாம், தொற்று வரலாம், சிலசமயம் உடம்பு அந்த எலும்பைக் கரைத்தே விடலாம்.

எனவே நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன். உலோகம் முதல் வாரமே கொடுத்துவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் திரும்பக் கேட்கிறது. சொந்த எலும்பு முதல் ஆண்டைப் பிடுங்கிக்கொள்கிறது. அது சேர்ந்துவிட்டால் பிறகு பெரும்பாலும் தொந்தரவு கிடையாது. நுரையீரலில் ஏற்கெனவே நோய் பரவியிருக்கும் பிள்ளைக்கு ஓராண்டைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அவனுக்கு உலோகம்தான், நாளைக்கே அவன் நடக்க வேண்டும். நோய் ஒரு இடத்தில் அடங்கிய, கீமோவுக்கு நன்றாகப் பணிந்த, நடுத்தண்டில் கட்டி உள்ள பிள்ளைக்கு நான் சொந்த எலும்பின் பக்கம். முழங்கால் மூட்டே போக வேண்டியிருந்தால் மறுபடி உலோகம்; காரணம், உறையவைத்த குருத்தெலும்பும் கதிர்பட்ட குருத்தெலும்பும் சில ஆண்டில் தேய்ந்து மூட்டு வலியாகிவிடும். செத்த எலும்பையும் உலோக மூட்டையும் சேர்த்து ஒட்டுபவர்களும் உண்டு.

எல்லா எலும்பும் இதற்குத் தகுதி பெறாது. கட்டி எலும்பை அரித்துக் கூடாக்கியிருந்தால், நோயாலேயே முறிந்திருந்தால், திரும்ப வைத்தாலும் அது தாங்காது. கட்டி எலும்பைக் கெட்டியாக்கும் வகையாக இருந்தால் நல்லது. இடுப்பெலும்பில் வடிவம் அத்தனை சிக்கல் என்பதால், யூவிங் சர்கோமாவில் சொந்த எலும்பைத் திரும்ப வைக்க ஆசை வரும். ஆனால் அந்த இடத்தில் தொற்றும் அதிகம். ஆசையைக் கணக்கிட்டுத்தான் அடக்க வேண்டும்.

நோய்க்குறியியல் நண்பர்கள் எங்கள்மீது ஒரு புகார் வைக்கிறார்கள். முழு எலும்பையும் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தால்தான் கீமோ எத்தனை சதவீதம் வேலை செய்தது என்று அவர்களால் துல்லியமாகச் சொல்ல முடியும். நாங்கள் எலும்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு சுரண்டலை மட்டும் அவர்களுக்குத் தருகிறோம். அடுத்த கட்டக் கீமோவை முடிவுசெய்யும் எண் அதனால் கொஞ்சம் மங்கலாகிறது. அவர்கள் சொல்வது சரி. இந்த முறையின் உண்மையான விலைகளில் அதுவும் ஒன்று, பெற்றோரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

செத்த எலும்பு மெதுவாகச் சேரும் குறைக்கு ஒரு மருந்து, உயிருள்ள எலும்பைக் கூடவே வைப்பது. கீழ்க்காலில் இரண்டு எலும்பு. மெல்லிய வெளியெலும்பு உடம்பின் பாரத்தில் சிறு பங்கைத்தான் சுமக்கிறது. அதை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, செத்த எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் நுழைத்து, நுண்ணோக்கியின் கீழ் இரத்தக் குழாய்களைத் தைத்துவிடலாம். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தின் ரொடால்ஃபோ கபன்னா 1990களில் தான எலும்புக்குள் இப்படி வைத்தார். மருத்துவர்கள் வேடிக்கையாக அதை ஹாட் டாக் என்பார்கள். தான எலும்புக்குப் பதில் நோயாளியின் சொந்த எலும்பையே வெளியுறையாக வைத்தால் நம் ஊருக்கு ஏற்ற முறை கிடைத்துவிடுகிறது. வெளியே இருப்பது வலு, உள்ளே இருப்பது உயிர். அறுவை மட்டும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீளும்.

அந்த ஓராண்டைப் பற்றிக் கொஞ்சம். மருத்துவக் கட்டுரைகளில் அது ஒரு எண்ணாக வருகிறது. வீட்டில் அது கீழ்த்தளத்துக்குக் கட்டிலை மாற்றுவது, தேர்வு எழுத முடியுமா என்று பள்ளியில் கேட்பது, அம்மாவோ அப்பாவோ வேலையை விடுவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அறுவைக்கு உதவும். ஓராண்டுப் பேருந்துக் கட்டணத்துக்கும் அம்மாவின் சம்பளத்துக்கும் அது உதவாது. அறுவையை விளக்கும்போதே ஊன்றுகோல் நாட்களையும் விளக்காவிட்டால், ஆறாம் மாதம் பையன் யாருக்கும் சொல்லாமல் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டு நடப்பான். பிளேட் உடையும்.

இங்கே இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இந்த வாய்ப்பெல்லாம் முதல் பயாப்ஸியிலேயே, அதாவது கட்டியிலிருந்து துணுக்கெடுத்துப் பார்க்கும் சோதனையிலேயே, பறிபோகலாம். ஊசி எந்த வழியாக நுழைகிறதோ அந்த வழி முழுவதும் நோயால் கறைபட்டதாகக் கொண்டு, பிறகு கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டும். குறுக்காகக் கீறினாலோ, தவறான பக்கத்திலிருந்து நுழைந்தாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்க நேரும். 1982இல் மேன்கினும் மற்றவர்களும் 329 நோயாளிகளைப் பார்த்தார்கள், 4.5 சதவீதத்தினருக்குப் பயாப்ஸியின் கோளாறால் மட்டும் தேவையில்லாமல் உறுப்பை நீக்க வேண்டியிருந்தது. பதினான்கு ஆண்டு கழித்து 597 பேரைப் பார்த்தபோதும் 3 சதவீதம். உலகத் தரம் வாய்ந்த மையங்களிலிருந்து வந்த கணக்கு அது. வளரும் பிள்ளையின் முழங்காலுக்கு மேலே வீக்கத்தையும் எக்ஸ்ரேயில் சந்தேகத்தையும் கண்டால், ஊசியை எடுக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, அந்தக் காலை அறுவை செய்யப் போகிறவருக்கு ஒரு போன் போடுங்கள். பயாப்ஸியை அவரே எடுக்கட்டும்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். கேளுங்கள்.